அடங்கல் ஏட்டை மறந்த பாடம்

பல்கலைக்கழகப் புவியியல் துறைகளில் நிலப்பயன்பாட்டுப் பாடம் பெரும்பாலும் ஒரு வண்ண வரைபடத்தில்தான் தொடங்குகிறது. காடு, விளைநிலம், மேய்ச்சல், தரிசு, ஊர் என்று பிரித்துக் காட்டும் அந்தத் தாளை நிலத்தின் உருவம் என்றே மாணவர் நம்பிவிடுகிறார். அதை ஒரு சாட்சியின் வாக்குமூலம்போலப் படிப்பதே சரி என்பேன். கேட்டவர் யார், எதற்காகக் கேட்டார், எந்த மாதத்தில் கேட்டார் என்பது தெரியாவிட்டால் பதிலுக்குப் பாதிப் பொருள்தான். இந்தப் பாடம் வளர்ந்த கதையே அதற்குச் சான்று.

ரங்கூன் பல்கலைக்கழகத்தில் 1923 முதல் 1926 வரை பேராசிரியராக இருந்த டட்லி ஸ்டாம்ப், லண்டன் பொருளாதாரப் பள்ளிக்குப் போன பிறகு 1930-இல் பிரிட்டனின் நிலப்பயன்பாட்டு அளவீட்டைத் தொடங்கினார். மைலுக்கு ஆறு அங்குல அளவில் வரைந்த அரசுப் படங்களைக் கையில் கொடுத்துப் பள்ளிப் பிள்ளைகளையும் ஆசிரியர்களையும் கல்லூரி மாணவர்களையும் வயல் வயலாக நடக்கவிட்டார். உழவு நிலத்துக்கு ‘ஏ’, புல்வெளிக்கு ‘எம்’, காட்டுக்கு ‘எஃப்’ என்று ஒவ்வொரு வயலுக்குள்ளும் ஓர் எழுத்து. அச்சில் உழவு நிலம் பழுப்பாகவும் புல்வெளி இளம்பச்சையாகவும் வந்தன. இரண்டாம் உலகப் போரில் உணவு நெருக்கடி வந்தபோது, எந்தப் புல்வெளியை உழலாம் என்று பார்க்க இந்தப் படங்கள் கைகொடுத்தன. 1949-இல் லிஸ்பனில் கூடிய பன்னாட்டுப் புவியியல் மாநாடு இதே முறையை உலகுக்கு விரிக்க ஒரு குழு அமைத்தது. ஒரு நாட்டின் வேலைமுறை பல நாடுகளின் பாடத்திட்டமான வழி இதுதான்.

பழுது எங்கே என்றால், ஸ்டாம்பின் கேள்வி இங்கிலாந்துக்குப் பொருந்திய கேள்வி. அங்கே நிரந்தரப் புல்வெளி ஜூனிலும் டிசம்பரிலும் புல்வெளிதான். காவிரிப் படுகையின் ஒரு சர்வே எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். மேட்டூர் அணை ஜூனில் திறந்தால் குறுவை நெல். அதை அறுத்த கையோடு தாளடி என்ற இரண்டாம் நெல். தையில் அறுவடைக்கு முன்பே, நிற்கும் நெல்லுக்குள் ஈரம் பார்த்துத் தெளித்த உளுந்தோ பயறோ. கோடையில் ஆடு கிடை போட்ட வெறும் மண். இந்த வயலுக்கு ஒரே எழுத்து என்றால் எதை எழுதுவது? ஆறு பாய்ந்ததா, எப்போது பாய்ந்தது என்பதும் அந்த எழுத்துக்குள் அடங்காது.

கிராமக் கணக்கில் அது அடங்கியது. அடங்கல் என்ற இரண்டாம் எண் கணக்கில் சர்வே எண், பரப்பு, பட்டாதாரர் பெயர், பயிர், பாசன ஆதாரம் எல்லாம் பசலி என்ற வருவாய் ஆண்டு வாரியாக ஒரே வரியில் நிற்கும். ஆற்றுப் பாய்ச்சலா, ஏரிப் பாய்ச்சலா, கிணறா என்பதும் அதிலேயே தெரியும். ஆற்றையும் நிலத்தையும் இரண்டு தனிப் பாடங்களாகப் பிரிக்கும் பழக்கம் அந்த ஏட்டுக்கு இல்லை. சென்னைப் பல்கலைக்கழகத்தில் பொருளாதாரப் பேராசிரியராக இருந்த கில்பர்ட் ஸ்லேட்டர் 1916-இல் மாணவர்களைக் கிராமங்களுக்கு அனுப்பி விசாரிக்கச் செய்தார். 1918-இல் அது நூலாக வந்தது. வயலில் இறங்கிப் படிக்கும் வழக்கமும் இங்கே புதிதல்ல.

அடங்கலை எழுதிய ஊர்க் கணக்கரான கர்ணம் திண்ணையில் உட்கார்ந்தபடியே போன ஆண்டுக் கணக்கைப் பெயர்த்தெழுதியிருப்பார், அதை நம்பலாமா என்று கேட்கலாம். நியாயமான சந்தேகம். ஜமாபந்தி என்ற ஆண்டுக் கணக்குத் தணிக்கையில் மேலதிகாரி பார்த்தாலும் பொய்க்கணக்கு தப்பித்துப் போயிருக்கும். 1980-இல் கர்ணம் பதவியே ஒழிந்து கிராம நிர்வாக அலுவலர் வந்தார். ஆனால் அந்த ஏடு எங்கே பொய் சொல்லும் என்பதை ஊகிக்க முடியும். அது வரிக்காகப் பிறந்தது. வரிக்கு வெளியே நின்றதையெல்லாம் ‘புறம்போக்கு’ என்ற ஒரே சாக்கில் போட்டுக் கட்டியது. ஆற்றங்கரை, ஏரி, மந்தைவெளி, சுடுகாடு எல்லாம் அதற்குள்தான். வரி தராத சதுப்பையும் பாழ் நிலமாகப் பார்க்கும் கண் அங்கேதான் பழகியது. சென்னையின் பள்ளிக்கரணைச் சதுப்பின் ஒரு பகுதியில் குப்பை கொட்டியவர்களுக்கு அந்தப் பார்வை வசதியாக இருந்தது; 2022-இல்தான் அந்தச் சதுப்பு, பன்னாட்டு முக்கியத்துவம் உள்ள ஈரநிலமாக, ராம்சர் தலமானது. ஸ்டாம்ப் வரைபடத்திலும் வேளாண்மைக்கு உதவாத நிலம் என்று ஒரு சிவப்பு உண்டு. இரண்டுமே உழவுக் கண்ணால் பார்த்தவை.

செயற்கைக்கோள் வந்தபின் இந்தப் பழங்கணக்கு எதற்கு என்பது இன்னொரு வாதம். 1988-89-இல் இந்தியா முழுமைக்கும் நிலப்பயன்பாட்டுப் படம் தயாரித்தபோது காரிஃப், ரபி என்று இரு பருவப் படங்களைப் பார்க்க வேண்டியிருந்தது. அடங்கலின் பருவக் கணக்கு வேறு கதவு வழியாக உள்ளே வந்துவிட்டது. இருந்தாலும் வானத்திலிருந்து தெரிவது மண்ணின் நிறமே. தண்ணீர் வராமல் காய்ந்த வயலும், விலை ஏறட்டும் என்று போட்டு வைத்த வயலும் மேலிருந்து ஒன்றுபோலத்தான் தெரியும். அரசின் ஒன்பது வகை நிலப்பயன்பாட்டுப் பாகுபாடும் இங்கே உதவுவதில்லை. அது நிலம் சும்மா கிடந்த ஆண்டுகளை எண்ணுகிறது, காரணத்தைக் கேட்பதில்லை. முதல் ஆண்டு நடப்புத் தரிசு, பிறகு பிற தரிசு. ஐந்தாண்டு தாண்டிவிட்டால், வகை மாற்றம் பதிவாகாதவரை, மனைக்கல் நட்ட வயலும் ‘சாகுபடிக்கு உகந்த தரிசு’ என்ற கட்டத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறது.