தலையெழுத்தா, தலைக்காயமா?

மண்டையோட்டின்மீது நெளிந்தோடும் கோடுகளைக் கண்டிருப்பீர்கள். எலும்புத் தகடுகள் ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும் பொருத்துவாய்கள் அவை. நம் நாட்டிலோ அவற்றுக்கு வேறு பெயர் வைத்தனர் — நான்முகன் தீட்டிய தலையெழுத்து! அழிக்க முடியாத எழுத்தாம் அது. ஏழைக்கு மட்டும் எப்போதும் கோணலாகவே அமைந்துவிடும் எழுத்து!

இந்த நம்பிக்கைக்கு நாம் கொடுத்த விலை உயிர். அடிபட்டு விழுந்தவன் எழுகிறான், பேசுகிறான், "ஒன்றுமில்லை" என்கிறான். உள்ளேயோ, மண்டையோட்டுக்கும் மூளையுறைக்கும் நடுவே, அறுந்த நாளத்திலிருந்து குருதி கசிந்து தேங்குகிறது. விரிய இடமற்ற எலும்புக் கூட்டுக்குள் மூளை நெருக்குண்கிறது. சில மணி நேரத்தில் நினைவு மங்குகிறது. "காற்றுக் கருப்பு" என்பார் ஒருவர். "விதி முடிந்தது" என்பார் மற்றொருவர். காலத்தே மண்டையைத் திறந்து அக்குருதியை அகற்றினால், விதி முடிந்தவன் வீடு திரும்புகிறான்!

இந்த அறிவு வானத்திலிருந்து இறங்கவில்லை. ரஷ்ய நாட்டில் புர்தென்கோ 1932இல் மாஸ்கோவில் நரம்பு அறுவைக்கெனத் தனி நிலையம் கண்டார். இரண்டாம் உலகப் போரில் மூளைக் காயமுற்று, பேச்சையும் படிப்பையும் இழந்த வீரர்களுக்கு அவற்றை மீண்டும் பயிற்றினார் லூரியா. சிதைந்த மூளையையும் சீராக்க முயன்ற நாடு அது.

இங்கே? நாடு விடுதலை பெற்ற 1947இல், நரம்பு அறுவைக்கென ஒரு தனித்துறைகூட இல்லை. 1949இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் ஜேக்கப் சாண்டி இந்தியாவின் முதல் துறையைத் தொடங்கினார். கனடாவில் பென்ஃபீல்டிடம் பயின்றவர் அவர். அடுத்த ஆண்டே, இங்கிலாந்தில் பயின்று திரும்பிய பி. இராமமூர்த்தி, சென்னைப் பொது மருத்துவமனையில் அப்பணியைத் தொடங்கினார். 1951இல் இவ்விருவரும் பல்தேவ் சிங், எஸ்.டி. நரசிம்மன் ஆகியோரும் கூடி இந்திய நரம்பியல் கழகத்தை நிறுவினர். நால்வர் ஏற்றிய விளக்கு நாடெங்கும் பரவிற்று.

எண்ணிப் பாருங்கள் தோழர்களே! காட்டுப்பாக்கத்தைக் கடந்து ஓடுகிறது பரங்கிமலை — பூந்தமல்லிச் சாலை. பூந்தமல்லியிலிருந்து கிழக்கே செல்லும் நெடுஞ்சாலையோ அந்தப் பொது மருத்துவமனையின் அருகிலேயே முடிகிறது. ஒருகாலத்தில் காட்டுப்பாக்கத்தில் அடிபட்டவனுக்கும் அந்த மருத்துவமனைக்கும் இடையே கிடந்தது சில கல் தொலைவு மட்டுமன்று. "எல்லாம் அவன் செயல்" என்ற எண்ணமுங்கூட. 2008இல் 108 ஊர்தி வந்தது. 2021இல், விபத்துற்றோருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை இலவசமாக்கும் திட்டமும் வந்தது. தொலைவு குறைந்தது, எண்ணம் மாறியதா?

வண்டிக்கு எலுமிச்சம்பழம் கட்டும் கை, தலைக்கவசத்தை வண்டியின் பக்கவாட்டில் தொங்கவிடுகிறது. பழம் நசுங்கும்; மண்டையும் நசுங்கும்! தலையில் எழுதியவன் எவனும் இல்லை. தலையைக் காப்பவன் நீ. தவறி அடிபட்டால் மீட்பது மருத்துவம். இதை உன் தெருவில் உரக்கச் சொல்!