மதுரைக்கு எதற்கு ஆன்ட்டிஃப்ரீஸ்?

கொடைக்கானலுக்கு பஸ்ஸில் போன நம் வயதுக்காரர்களுக்கு வெள்ளி அருவி நினைவிருக்கும். இப்போது அங்கே படம் எடுக்க நிற்கிறார்கள். அப்போது வண்டிக்குத் தண்ணீர் காட்ட நிற்போம். வண்டிமாட்டுக்குச் சொல்லும் அதே சொல்தான், பொருத்தமாகவே இருந்தது. பானெட்டைத் திறந்து, சாக்குத்துணியைச் சுற்றி ரேடியேட்டர் மூடியைத் திருகினால் ஆவி சீறிக்கொண்டு எழும். கிளீனர் பையன் தகர டப்பாவோடு ஓடுவான்.

ஏன் அப்படிக் கொதித்தது? வத்தலக்குண்டைத் தாண்டி ஏற ஆரம்பித்தால் வண்டி முதல், இரண்டாம் கியரில்தான் ஊரும். என்ஜினுக்கு முழுப் பாரம், ரேடியேட்டருக்கோ எதிர்க்காற்று கிடையாது. இன்னொன்றும் உண்டு. உயரம் 300 மீட்டர் கூடினால் தண்ணீரின் கொதிநிலை சுமார் ஒரு டிகிரி குறையும். கொடைக்கானல் 2,100 மீட்டர். அங்கே தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். மலைக்கு மேலே பருப்பு சீக்கிரம் வேகாததும், வண்டி சீக்கிரம் கொதித்ததும் ஒரே காரணத்தால்தான்.

இன்றைய ரேடியேட்டருக்கு மூதாதை 1900-இல் ஜெர்மனியில் டைம்லர் கம்பெனியில் வில்ஹெல்ம் மேபாக் அமைத்த தேன்கூடு வடிவ ரேடியேட்டர். மதுரையில் டி.வி. சுந்தரம் ஐயங்கார் தம் மோட்டார் தொழிலைத் தொடங்கியது 1911. இடையில் பதினோரு வருடம்தான் என்பதை நினைத்தால் வியப்பாக இருக்கிறது. அந்தக் காலத்து வண்டிகள் பலவற்றில் தண்ணீரைச் சுற்றிவிட பம்ப்கூட இல்லை. ஃபோர்டு மாடல் டி அப்படித்தான் ஓடியது. சூடான தண்ணீர் மேலே ஏறும், ஆறிய தண்ணீர் கீழே இறங்கும், அவ்வளவுதான் ஏற்பாடு. குளிர்நாட்டுக்குப் போதும். சித்திரை வெயிலில் ராமநாதபுரம் பக்கம் ஓட்டுவதற்கு?

இரண்டாம் உலகப்போரில் பெட்ரோலுக்கு ரேஷன் வந்ததும் கரி கேஸ் பஸ்கள் ஓடின. டி.வி.எஸ். கம்பெனியே கரியிலிருந்து வாயு எடுக்கும் கேஸ் பிளான்ட் செய்து விற்றது. பின்னால் ஒரு கொதிகலனைக் கட்டிக்கொண்டு போகும் அந்த வண்டிகளை நான் பார்த்ததில்லை, பெரியவர்கள் சொல்லக் கேட்டதுதான். அந்த வாயுவையும் ஆறவைத்துத்தான் என்ஜினுக்குள் விட வேண்டும். ஆக, ஆறவைக்கும் கவலை இரட்டிப்பானது.

ஆனால் நம் ஊர் வண்டிகளின் உண்மையான எதிரி சூடு அல்ல, தண்ணீர். மதுரையைச் சுற்றிய ஊர்களில் போர்வெல் தண்ணீர் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். வெந்நீர் அண்டாவின் உள்ளே வெள்ளையாகப் படியுமே, அதே காறை ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களிலும் என்ஜினின் தண்ணீர்ப் பாதைகளிலும் படிந்தது. வார்ப்பிரும்பில் துருவும் சேரும். விவரமான டிரைவர்கள் கிணற்று நீரை விட்டுவிட்டு ஊருணித் தண்ணீரோ மழைத்தண்ணீரோ பிடித்து ஊற்றுவார்கள். ஒழுகினால் ஒரு கைப்பிடி மஞ்சள்தூள் உள்ளே போகும். ஓட்டையை அடைத்து ஊர் போய்ச் சேர்க்கும். நல்ல குழாயையும் சேர்த்து அடைக்கும் என்பது பிறகுதான் தெரியவரும்.

நான் வேலை பார்த்த அலுவலகத்தில் இலாகா ஜீப்புகளின் லாக் புக்கும் ரிப்பேர் பில்களும் பல வருடம் என் மேசையில்தான். ரேடியேட்டரைக் கழற்றி ஈயம் பற்றவைத்த பில் வராத கோடைகாலம் கிடையாது. ஒருமுறை ஒர்க்‌ஷாப்காரர்கள் கூலன்ட் வாங்கி ஊற்றிவிட்டார்கள். பில்லில் ‘ஆன்ட்டிஃப்ரீஸ்’ என்று இருந்தது. தணிக்கையில் ஆட்சேபணை வந்தது: மதுரையில் தண்ணீர் உறைவதில்லை, எனவே இது வீண் செலவு. நான் முந்தைய மூன்று வருட ரேடியேட்டர் பில்களைத் தேதிவாரியாகத் தொகுத்து, ஃபோர்மேனின் விளக்கத்தையும் இணைத்து அனுப்பினேன். ஆட்சேபணை நீங்க எட்டு மாதம் ஆயிற்று. அதுவரை அந்த ஜீப்புக்குப் பழையபடி குழாய்த் தண்ணீர்தான்.

தணிக்கைக்காரரைக் குறை சொல்ல மாட்டேன். பெயர் அப்படி. நான் காரைக்காலில் பிரெஞ்சு வழியில் படித்தவன். பிரெஞ்சிலும் முதலில் ‘ஆந்திழெல்’தான், உறைவுக்கு எதிரி என்றே பொருள். ‘லிக்கீத் த ரஃப்ருவாதிஸ்மாங்’, அதாவது ஆறவைக்கும் திரவம், என்ற நீண்ட பெயரே நமக்குப் பொருந்துவது. அந்தத் திரவத்தின் மூலப்பொருளான எத்திலின் கிளைக்காலை 1856-இல் முதலில் செய்தவரும் பிரெஞ்சுக்காரர்தான்: சார்ல் அடோல்ஃப் வூர்ட்ஸ். ஈஃபில் கோபுரத்தில் பொறித்த 72 பெயர்களில் அவர் பெயரும் ஒன்று. கிளிசரினுக்கும் ஆல்கஹாலுக்கும் இடைப்பட்டது என்பதால் இரண்டு பெயரிலும் பாதிப் பாதி எடுத்து ‘கிளைக்கால்’ என்று வைத்தார்.

அது காருக்குள் வர எழுபது வருடம் ஆனது. அதுவரை குளிர்நாட்டவர் ரேடியேட்டரில் சாராயம் கலந்தார்கள். என்ஜின் சூட்டில் அது ஆவியாகிப் போய்விடும். 1927-இல் அமெரிக்காவில் ‘பிரெஸ்டோன்’ என்ற பெயரில் கிளைக்கால் கடைக்கு வந்தது. விமானக்காரர்கள் அதன் மறுபக்கத்தைப் பிடித்துக்கொண்டார்கள். கிளைக்கால் கொதிப்பது 197 டிகிரியில். ஆகவே என்ஜினை இன்னும் சூடாக ஓட்டலாம், ரேடியேட்டரைச் சிறிதாக்கலாம். போரில் பேர் வாங்கிய ஸ்பிட்ஃபயர் விமானத்தின் மெர்லின் என்ஜினில் தொடக்கத்தில் ஊற்றியது இதைத்தான். சூட்டுக்காகவே இதைத் தேடியவர்கள் அப்போதே இருந்தார்கள் என்பதற்காகச் சொல்கிறேன்.

நம் ஊரில் நிலைமை மாறியது 1983 டிசம்பரில் மாருதி 800 வந்த பிறகு. அலுமினிய சிலிண்டர் ஹெட், பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் டப்பா, அழுத்தம் தாங்கும் மூடி. தண்ணீரின்மேல் ஒரு கிலோ அழுத்தம் இருந்தால் கொதிநிலை 120 வரை போகும். மலைப்பாதைக் கொதிப்பு இப்படித்தான் ஒழிந்தது. ஆனால் உப்புத் தண்ணீரை அலுமினியம் தாங்காது. துருவும் அரிப்பும் வராமல் காக்கும் மருந்து கூலன்டில் கலந்திருக்கிறது. அதற்குத்தான் மதுரைக்காரர் காசு கொடுக்கிறார். உறையாமை இனாம்.

வாங்கும்போது கலந்தே வருவதா, கெட்டியானதா என்று டப்பாவைப் படியுங்கள். கெட்டியானதை அப்படியே ஊற்றினால் நல்லது என்று நினைக்க வேண்டாம். சூட்டைச் சுமப்பதில் தண்ணீருக்கு இணை கிடையாது, கிளைக்காலின் திறன் அதில் பாதிக்குச் சற்று மேல்தான். சுத்தக் கிளைக்கால் மைனஸ் 13 டிகிரியிலேயே உறையும், பாதித் தண்ணீர் சேர்த்தால் மைனஸ் 37 வரை உறையாது. கலக்கும் தண்ணீர் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டராக இருக்கட்டும். நிறத்தைப் பார்த்து வாங்காதீர்கள், நிறத்துக்கு எந்தச் சட்டமும் இல்லை. வண்டியோடு வந்த புத்தகத்தில் சொன்ன வகையையே ஊற்றுங்கள், இரண்டு வகையைக் கலக்காதீர்கள். பழைய வகைக்கு இரண்டு வருடம், புதிய வகைக்கு ஐந்து வருடம் ஆயுள்.

மாற்றும்போது பழையதைத் தெருவில் கொட்டவிடாதீர்கள். அது இனிக்கும். நாய் நக்கிவிடும், குழந்தை விரலில் தொட்டு வாயில் வைக்கும். சிறிதளவே சிறுநீரகத்தைக் கெடுத்து உயிரை எடுத்துவிடும். மீதி டப்பாவைப் பரண்மேல் வையுங்கள், பழைய ஜூஸ் பாட்டிலில் மட்டும் ஊற்றி வைக்காதீர்கள்.