வீட்டுப்பாடம் எழுதாத டீச்சர்

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

முப்பத்து நாலு வருஷம் "ஏன் வீட்டுப்பாடம் எழுதலை?" என்று உங்களை பெஞ்சு மேல் நிற்க வைத்தவள் நான். இந்த டிசம்பர் மாதம் அதே கேள்விக்கு நான் பதில் சொல்ல வேண்டி வந்தது. ஆறு வருஷமாக நான் வருமான வரி ரிட்டர்ன் தாக்கல் செய்யவில்லை.

உங்களில் பலருக்கு எங்கள் வீட்டு சாரைத் தெரியும். கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு எழுதியவர். வீட்டின் காகிதம் எல்லாம் அவர் கையில். 2019 ஆகஸ்டில் எனக்காக அவர் போட்ட ரிட்டர்ன்தான் கடைசி. அடுத்த வருஷம் டயாலிசிஸ். 2021 பிப்ரவரியில் போய்விட்டார். அதன்பின் அந்த பீரோவின் மேல் தட்டை நான் திறக்கவே இல்லை. துறையிலிருந்து வந்த தகவல்கள் எல்லாம் அவருடைய மின்னஞ்சலுக்குப் போயிருக்கின்றன. இறந்தவரின் மின்னஞ்சலை யார் பார்ப்பார்கள்?

என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த பையன் ஒருவன் இப்போது ஆடிட்டர். பெயர் சொன்னால் கோபித்துக்கொள்வான். கணினியில் என் பான் எண்ணைப் போட்டுப் பார்த்துவிட்டு, "டீச்சர், ஆறு வருஷம் காலியா இருக்கு" என்றான். "பென்ஷன்ல வரி இருந்தா கருவூலமே பிடிச்சுக்கும், வட்டிக்கு பேங்க்லயே பிடிச்சுட்டாங்க, அப்புறம் என்னப்பா?" என்றேன். அவன் சிரிக்கவில்லை.

நம் ஆசிரியர்கள் பலருக்கும் இந்த எண்ணம் உண்டு. பிப்ரவரி மாதம் வரிக் கணக்குத் தாளை நிரப்பி சம்பளப் பட்டியலோடு கொடுத்தால் வேலை முடிந்தது என்று நினைப்போம். அதற்கு ஒரு காரணமும் இருக்கிறது. 2011-12, 2012-13 மதிப்பீட்டு ஆண்டுகளில், 5 லட்சம் ரூபாய்க்குள் வருமானம் உள்ள சம்பளக்காரர்கள், சில நிபந்தனைகளோடு, ரிட்டர்ன் போட வேண்டாம் என்று அரசே விலக்கு அளித்தது. அடுத்த ஆண்டே அது எடுக்கப்பட்டுவிட்டது. விலக்கு வந்த செய்தி எங்கள் ஆசிரியர் அறைக்கு வந்து சேர்ந்தது. போன செய்தி வரவில்லை.

சரி, தாமதமாக வருகிறவர்களை இந்த நாட்டின் வரிச் சட்டம் இதுவரை எப்படி நடத்தியிருக்கிறது என்று தேடிப் படிக்க ஆரம்பித்தேன். வரலாறு சொல்லிக் கொடுத்த பழக்கம், விடுமா?

வருமான வரி இங்கே வந்தது 1860இல். 1857 கிளர்ச்சியை அடக்கிய செலவில் கஜானா காலி. ஜேம்ஸ் வில்சன் என்ற நிதி உறுப்பினர் கொண்டுவந்தார். ஆண்டுக்கு 200 ரூபாய் முதல் 500 ரூபாய் வரை வருமானம் என்றால் 2 சதவீதம், அதற்கு மேல் 4 சதவீதம். அப்போது சென்னை கவர்னராக இருந்த சார்லஸ் டிரெவெலியன் இதைக் கடுமையாக எதிர்த்தார். எதிர்ப்பைப் பத்திரிகையிலேயே வெளியிட்டுவிட்டார். உடனே லண்டனுக்குத் திரும்ப அழைக்கப்பட்டார். வில்சன் அதே வருஷம் ஆகஸ்டில் கல்கத்தாவில் வயிற்றுப்போக்கில் இறந்தார். வேடிக்கை என்னவென்றால், அதே டிரெவெலியன் பிறகு இந்தியாவின் நிதி உறுப்பினராகவே திரும்பி வந்தார். அவர் காலத்தில், 1865இல், அந்த வரி முடிவுக்கு வந்தது. பிறகு வேறு வேறு உருவில் வந்து, 1886 சட்டத்தில் நிலைத்துவிட்டது.

இனி மன்னிப்புக் கதைக்கு வருகிறேன். இரண்டாம் உலகப் போரில் கொள்ளை லாபம் பார்த்து வரி கட்டாதவர்களைப் பிடிக்க 1947இல் வரதாச்சாரியார் தலைமையில் ஒரு விசாரணைக் குழு அமைத்தார்கள். அந்தக் குழுவுக்கு அனுப்ப வேண்டிய பட்டியலிலிருந்து சில பெயர்கள் நீக்கப்பட்ட விவகாரத்தில்தான் முதல் நிதியமைச்சரான கோவை ஆர்.கே. சண்முகம் செட்டியார் 1948இல் பதவி விலகினார். துரத்திப் பிடிப்பது எளிதாக இல்லை. 1951இல், "நீங்களே வந்து சொல்லிவிடுங்கள்" என்று முதல் தன்விருப்ப அறிவிப்புத் திட்டம் வந்தது. சுமார் 70 கோடி ரூபாய் வெளியே வந்தது.

அதற்குப் பின் வந்தவற்றை வரிசையாகப் பார்த்தபோது எனக்கு ஒரு ஆச்சரியம். பெரும்பாலும் கதவைத் திறந்தவர்கள் நம் ஊர்க்காரர்கள். 1965இல் டி.டி. கிருஷ்ணமாச்சாரி. 1975இல், நெருக்கடி நிலையின்போது, சி. சுப்பிரமணியம். 1981இல் ஆர். வெங்கட்ராமன். 1997இல் ப. சிதம்பரம்.

1975 திட்டத்தைக் கவனியுங்கள். மறைத்த வருமானத்தைச் சொன்னவர் கட்ட வேண்டிய உச்ச விகிதம் 60 சதவீதம். ஒழுங்காகக் கணக்குக் காட்டியவருக்கோ அப்போது உச்ச விகிதம் 77 சதவீதம்! அதற்குச் சற்று முன்பு 97.75 வரை இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். அந்த விகிதத்தில் மறைக்கத் தோன்றாமல் இருந்தால்தான் அதிசயம். 746 கோடி வருமானம் அறிவிக்கப்பட்டது.

1981இல் வந்தது சிறப்புத் தாங்கிப் பத்திரம். 10,000 ரூபாய் கொடுத்து வாங்கினால் பத்து வருஷம் கழித்து 12,000 கிடைக்கும். பத்திரத்தில் பெயர் கிடையாது. பணம் எங்கிருந்து வந்தது என்ற கேள்வியும் கிடையாது. உச்ச நீதிமன்றத்தில் வழக்குப் போட்டுப் பார்த்தார்கள். பெரும்பான்மைத் தீர்ப்பில் திட்டம் செல்லும் என்றாகிவிட்டது. ஒரு நீதிபதி மட்டும் மாறுபட்டார்.

1997 உங்களில் மூத்தவர்களுக்கே நினைவிருக்கும். ஜூலை முதல் டிசம்பர் வரை டிவியில் விளம்பரம் ஓடிக்கொண்டே இருந்தது. தனிநபர் 30 சதவீதம் கட்டினால் போதும். வட்டி இல்லை, அபராதம் இல்லை. பழைய நகை என்றால் 1987 ஏப்ரல் விலையில் கணக்கு. பத்து வருஷ விலையேற்றம் அப்படியே சலுகை! சுமார் 4.75 லட்சம் பேர் வந்தார்கள். 33,000 கோடிக்கு மேல் அறிவித்தார்கள், ஏறத்தாழ 10,000 கோடி வரி வந்தது. அதே காலத்தில்தான் வீட்டில் டெலிபோன் இருந்தாலே ரிட்டர்ன் போட வேண்டும் என்ற விதியும் பெரிய ஊர்களில் வந்தது. நகரத்தில் இருந்த என் தோழி ஒருத்தி போன் இணைப்பைத் திருப்பிக் கொடுத்துவிடலாமா என்று யோசித்தாள். மறைத்தவர்களுக்குச் சிவப்புக் கம்பளம், போன் வைத்த டீச்சருக்குப் பயம். இனி இப்படிப்பட்ட திட்டம் வராது என்று அப்போது உச்ச நீதிமன்றத்தில் அரசு உறுதி சொன்னது.

ஆனாலும் 2016இல் ஒன்று வந்தது. நியாயமாகச் சொன்னால், அதில் 45 சதவீதம் கேட்டார்கள், ஒழுங்காகக் கட்டியவரைவிட அதிகம். சுமார் 72,000 பேர் 67,000 கோடி ரூபாய் அறிவித்தார்கள்.

இவை எல்லாம் மறைத்தவர்களுக்கான கதவுகள். என்னைப் போல மறைக்க எதுவும் இல்லாமல், வெறுமனே தாமதமானவர்களுக்கு? பல ஆண்டுகள் கழித்து வந்தாலும் தானாகவே ரிட்டர்ன் போடலாம் என்ற வழி 2022இல்தான் வந்தது. நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன், அவரும் மதுரையில் பிறந்தவர். முதலில் இரண்டு வருஷம் அவகாசம், 2025இல் அது நான்கானது. புதுப்பித்த ரிட்டர்ன் என்று பெயர். ஆனால் விலை உண்டு. வரியும் வட்டியும் கட்டிய பிறகு, அந்த இரண்டும் சேர்ந்த தொகையில் முதல் வருஷம் என்றால் 25, இரண்டாம் வருஷம் 50, மூன்றாம் வருஷம் 60, நான்காம் வருஷம் 70 சதவீதம் கூடுதல்.

என் கணக்கையே சொல்கிறேன். வெட்கப்பட ஒன்றும் இல்லை. 2020-21 நிதியாண்டில் பழைய டெபாசிட் இரண்டு முதிர்ந்ததால் வட்டி அதிகம். பென்ஷனும் வட்டியும் சேர்ந்து 7 லட்சத்து 10 ஆயிரம். கழிவுகள் போக 6 லட்சத்து 10 ஆயிரம். கருவூலம் என் பென்ஷனை மட்டும் பார்த்தது, அதற்கு வரி வரவில்லை. வங்கி 19,000 பிடித்திருந்தது. நான் கட்ட வேண்டிய பாக்கி 14,280 ரூபாய். அவ்வளவுதான். நாற்பத்தெட்டு மாத வட்டி 6,816. இரண்டும் சேர்ந்ததில் 70 சதவீதம் 14,767. தாமதக் கட்டணம் 5,000. மொத்தம் 40,863! 1997இல் பெட்டியில் பணம் வைத்திருந்தவருக்கு வட்டி கிடையாது என்பதை நினைத்துக்கொண்டே கட்டினேன். அடுத்த மூன்று ஆண்டுகளுக்கும் சேர்த்து ஒரு லட்சத்து இருபதாயிரம் ஆயிற்று. மொட்டை மாடிக்கு ஓடு பதிக்க வைத்திருந்த பணம். இந்த மழைக்கும் ஒழுகும், பரவாயில்லை. கடைசி ஆண்டு ரிட்டர்னை டிசம்பர் 31க்குள் தாமதக் கட்டணத்தோடு போட முடிந்தது.

மிச்சம் இருப்பது 2019-20. அந்த வருஷம் எனக்கு வரியே வராது. வங்கிக்கு 15ஹெச் படிவம் கொடுக்க மறந்ததால் 13,000 ரூபாய் பிடித்துவிட்டார்கள். அது எனக்குத் திரும்ப வர வேண்டிய பணம். ஆனால் புதுப்பித்த ரிட்டர்னில் பணம் கட்டத்தான் முடியும், திரும்பக் கேட்க முடியாது. அதற்குத் தனியாக, தாமதத்தை மன்னிக்கச் சொல்லி வருமான வரி முதன்மை ஆணையருக்கு மனுப் போட வேண்டும். மதிப்பீட்டு ஆண்டு முடிந்து ஐந்து ஆண்டுக்குள் போட வேண்டும், எனக்கு 2026 மார்ச் 31 வரை நேரம். தாமதத்துக்கு உண்மையான காரணத்தை எழுதச் சொல்கிறார்கள்.

"டீச்சர், காரணத்தை விளக்கமா எழுதிக் கொடுங்க" என்றான் ஆடிட்டர். ஆயிரக்கணக்கில் லீவ் லெட்டர் படித்தவள் நான். எது பொய், எது நிஜம் என்று இரண்டாவது வரியிலேயே தெரியும். எனக்கு எழுத வரவில்லை. மூன்று தாள் கிழித்தேன். கடைசியில், "என் கணவர் நோயுற்று இறந்தார். கணக்குகளை அவரே பார்த்துவந்தார். பிறகு அந்தக் காகிதங்களைத் தொட எனக்கு மனம் வரவில்லை" என்று மூன்று வரி எழுதினேன். கடைசி வரி வேண்டாம் டீச்சர் என்றான் அவன். இருக்கட்டும் என்றேன். டயாலிசிஸ் ரசீதுகளையும் இறப்புச் சான்றிதழையும் இணைத்தோம். ரசீதுகளை அவர் தேதி வாரியாக நூல் கோத்து வைத்திருந்தார். கடைசி மூன்று மட்டும் தனித்தனியாகக் கிடந்தன.

மனு போய்விட்டது. பதில் இன்னும் வரவில்லை.

திருச்சி சித்தப்பா, சித்தி பெயரில் இருக்கும் டெபாசிட்டுக்கு 15ஹெச் கொடுத்தீர்களா என்று பாருங்கள். ஆடிட்டர் பையனின் நம்பர் வேண்டுமானால் எனக்கு போன் போடுங்கள், இங்கே கமெண்டில் கேட்காதீர்கள்.