காரணிகள் மிகுந்த எண்கள்

நம் முன்னோர் ஒரு நாளை 60 நாழிகையாகவும், ஒரு நாழிகையை 60 விநாழிகையாகவும் பகுத்தனர். அதன் மூலம் எதுவாயினும், பயன் வெளிப்படை. அறுபதை இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து, ஆறு கூறுகளாக மிச்சமின்றிப் பங்கிடலாம். அதற்குக் காரணிகள் 12. அறுபதுக்குக் கீழ்ப்பட்ட எந்த எண்ணுக்கும் அத்தனை காரணிகள் இல்லை.

இவ்வாறு தனக்கு முந்திய எண்கள் யாவற்றையும் காரணித் தொகையில் விஞ்சி நிற்பதை மிகு பகுஎண் என்போம். 2, 4, 6, 12, 24, 36, 48, 60, 120 என இவ்வரிசை செல்லும். தாம்பரத்து மின்ரயிலில் அமர்ந்தபடியே இவ்வளவையும் கணக்கிட்டுவிடலாம், அப்பால்தான் கடினம்.

அந்த ரயில் சென்று நிற்கும் கடற்கரை நிலையத்தின் அருகே, துறைமுக அலுவலகத்தில், 1912ஆம் ஆண்டு மாதம் 30 ரூபாய் ஊதியத்தில் கணக்கராய் அமர்ந்தவர் சீனிவாச ராமாநுஜன். 1937இல் தாம்பரத்திற்கு இடம் பெயர்ந்த கிறிஸ்தவக் கல்லூரி அந்நாளில் நகரத்தினுள் இருந்தது. அதன் கணிதப் பேராசிரியர் ரோஸ் அவரை அறிந்தவர். 1914இல் ராமாநுஜன் கேம்பிரிட்ஜ் சென்றார். மறு ஆண்டே இவ்வெண்களைப் பற்றிய அவருடைய நீண்ட கட்டுரை லண்டன் கணிதச் சங்கத்தின் நடவடிக்கை ஏட்டில் வெளிவந்தது. 1916இல் அவர் பெற்ற பட்டத்திற்கு அதுவே ஆதாரம்.

தாறுமாறாய்த் தோன்றும் இவ்வரிசையில் அவர் ஒழுங்கைக் கண்டார். 60 என்பது 2×2×3×5. 90 என்பது 2×3×3×5. இரண்டுக்கும் காரணிகள் பன்னிரண்டே. ஆயினும் சிறிய பகா எண்ணை இருமுறை கொண்டமையால் 60 முந்திக்கொள்கிறது. எனவே மிகு பகுஎண்ணில் பகா எண்களின் அடுக்குகள் இடமிருந்து வலமாய் ஒருபோதும் ஏறா. இன்னொன்று: எந்த எண்ணையும் இரட்டித்தால் பழைய காரணிகள் யாவும் நிற்க, இரட்டித்த எண்ணே புதிய காரணியாய்ச் சேரும். ஆதலால் அடுத்த உச்சம் இருமடங்குக்கு அப்பால் போகாது. இது மாணவனும் காணக்கூடியது. ஆனால் அடுத்தடுத்த இரு மிகு பகுஎண்களின் விகிதம் போகப் போக ஒன்றையே நெருங்கும் என்று நிறுவ ஒரு ராமாநுஜன் வேண்டியிருந்தது! 1944இல் அலோக்லு, ஏர்டோஸ் இருவரும் இதை மேலும் வளர்த்தனர்.

அச்சங்கத்தின் பண நெருக்கடியால் கட்டுரையின் பிற்பகுதி அன்று அச்சேறவில்லை. 1997இல்தான், நிக்கோலா, ரோபின் ஆகியோரின் குறிப்புகளுடன் அது வெளிவந்தது.

வெளிவந்த பகுதியில் ஓர் அட்டவணை உண்டு. கணிப்பொறி இல்லாத காலத்தில், கையாலேயே 102 எண்களைக் கண்டு எழுதியிருக்கிறார். இறுதி எண் 6746328388800. அதன் காரணிகள் 10080. இத்தனைக்கும் நடுவே ஒன்றே ஒன்று விடுபட்டுள்ளது. அது 293318625600. ஐயமுள்ளோர் காகிதமும் பென்சிலும் எடுத்து அதை 23ஆல் பெருக்கிப் பாருங்கள். அட்டவணையின் அந்த இறுதி எண்ணே விடையாய் வரும்.