சிறுநீரக நோயும் மகார் பேணலும்

சிறுநீரக நோயுற்ற குழந்தையைப் பேணுங்கால் மருந்தினும் முற்பட்டது கூர்ந்த நோக்கே என்பது வரலாறு காட்டும் உண்மை. உடல்வீக்கமும் சூட்டில் திரளும் சிறுநீரும் சிறுநீரகச் சிதைவின் குறிகள் என இலண்டன் மருத்துவர் ரிச்சர்டு பிரைட் 1827இல் நிறுவினார். சிறுநீரைக் கரண்டியிலிட்டு மெழுகுதிரிச் சுடரில் காய்ச்சிக் காண்பது அவர்தம் முறை. அந்நகரில் 1852இல் பத்துப் படுக்கைகளுடன் குழந்தைகள் மருத்துவமனை கண்ட சார்லசு வெசுட்டு, நோயுற்ற மகாரைப் பேணும் முறை பற்றி 1854இல் தனிநூல் வரைந்தார்.

செங்காய்ச்சலின்பின் சிறுநீரகம் தாக்குண்ட மகார்க்கு அக்காலத்தே ஓய்வும் வெம்மையும் பாலுணவுமே பெருந்துணை. 20ஆம் நூற்றாண்டின் நடுவில் பெனிசிலினும் இசுடீராய்டும் வந்தன. எனினும் நாள்தோறும் எடை காணலும், பருகிய நீரையும் கழித்த நீரையும் அளந்து குறித்தலும் நீங்கவில்லை. புரதக் கசிவுடைய குழந்தையின் தாய் இன்றும் இல்லத்திலேயே சிறுநீரைச் சோதித்து ஏட்டில் எழுதுகின்றாள். நோய் மீளுதலை வீக்கத்திற்கு முன்னரே அவ்வேடு உணர்த்தவல்லது. ஆதலின் அதுவும் மருத்துவத்தின் ஓர் உறுப்பே எனத் துணியலாம்.