ஷெர்லக் ஹோம்ஸ் விசாரிக்காத சாட்சி: அந்தமானியர் மீது விழுந்த ஒரு பழியின் வரலாறு

ஆர்தர் கோனன் டாயிலின் 'தி சைன் ஆஃப் ஃபோர்' 1890 பிப்ரவரியில் 'லிப்பின்காட்ஸ்' மாத இதழில் வெளிவந்தது. ஷெர்லக் ஹோம்ஸ் தோன்றும் இரண்டாவது நாவல் அது. உலகப் புகழ்பெற்ற தனியார் துப்பறிவாளர் அந்தமான் தீவுகளை எதிர்கொள்வது அந்த நாவலில்தான். அவர் அத்தீவுகளுக்குச் செல்லவில்லை. பேக்கர் தெரு வீட்டின் அலமாரியிலிருந்து ஒரு புவியியல் அகராதியின் முதல் தொகுதியை எடுத்து, அந்தமான் குறித்த பதிவை வாட்சனுக்கு வாசித்துக் காட்டுகிறார். கொலைகாரனின் இனம் அந்த வாசிப்பிலேயே முடிவாகிவிடுகிறது. அப்பதிவு எவ்வளவு நம்பத்தக்கது என்ற கேள்வியை ஹோம்ஸ் எழுப்பவில்லை. துப்பறியும் முறையின் வரலாற்றிலும், தீவுமக்களைப் பற்றிய அறிவு உருவான வரலாற்றிலும் ஆய்வாளர்கள் நின்று பார்க்க வேண்டிய இடம் இது.

கதை சுருக்கமாக இது. 1857 கிளர்ச்சிக் காலத்தில் ஆக்ராவில் நடந்த ஒரு கொலைக்காகத் தண்டிக்கப்பட்ட ஜோனதன் ஸ்மால் என்னும் ஆங்கிலேயன் அந்தமானுக்கு அனுப்பப்படுகிறான். அங்கே நோயுற்றுச் சாகக் கிடந்த டோங்கா என்ற தீவுவாசியைக் காப்பாற்றுகிறான். டோங்காவின் படகிலேயே இருவரும் தப்பிச் செல்கின்றனர். பின்னர், லண்டனின் அப்பர் நார்வுட் பகுதியில் 'பாண்டிச்சேரி லாட்ஜ்' என்ற மாளிகையில் பார்தலோமியூ ஷோல்ட்டோ நஞ்சு தோய்ந்த முள்ளால் கொல்லப்பட்டுக் கிடக்கிறார். சிறுவனுடையது போன்ற காலடித் தடம், விரிந்த கால்விரல்கள், கல்தலை கொண்ட தடி, ஊதுகுழலில் வைத்து எய்யும் முள் ஆகியவையே தடயங்கள். இவற்றை அகராதிப் பதிவோடு ஒப்பிட்டு, கொலையாளி அந்தமானியன் என்று ஹோம்ஸ் முடிவு செய்கிறார். நான்கு அடிக்கும் குறைந்த உயரம், கொடூரக் குணம், நஞ்சம்புகள், மனித இறைச்சி உண்ணும் வழக்கம் ஆகியவற்றை அப்பதிவு தீவுமக்களுக்கு உரியனவாகக் கூறுகிறது.

நாவலில் இடப்பெயர்கள் பெரும்பாலும் சரியாகவே உள்ளன. ஸ்மால் வாழ்ந்த ஹோப் டவுன் உண்மையான ஊர். மவுண்ட் ஹேரியட் உண்மையான மலை. அந்த ஹோப் டவுன் படகுத்துறையில்தான் 1872 பிப்ரவரி 8 அன்று இந்தியாவின் வைஸ்ராய் மேயோ பிரபு, ஷேர் அலி அஃப்ரிதி என்ற கைதியால் குத்திக் கொல்லப்பட்டார். அந்தமானின் தண்டனைக் குடியேற்றம் ஆங்கில வாசகருக்கு அப்போது நன்கு அறிமுகமாகியிருந்தது. மண்ணைப் பற்றிய செய்தி திருத்தமாக இருக்க, மனிதரைப் பற்றிய செய்தி மட்டும் ஏறத்தாழ முழுவதும் பிழையாக இருக்கிறது.

ஒவ்வொன்றாகச் சரிபார்க்கலாம். அந்தமானிய ஆண்களின் சராசரி உயரம் ஏறத்தாழ 4 அடி 10 அங்குலம். அகராதி கூறும் அளவைவிட ஏறக்குறைய ஓரடி கூடுதல். அவர்களின் ஆயுதம் வில்லும் அம்பும். ஊதுகுழல் அவர்களிடம் இருந்ததில்லை. அம்பில் நஞ்சு தோய்க்கும் வழக்கமும் இல்லை. டோங்கா என்ற பெயரோ பசிபிக் பெருங்கடலின் ஒரு தீவுக்கூட்டத்தை நினைவூட்டுகிறது. தென்கிழக்கு ஆசியாவிலும் தென் அமெரிக்காவிலும் வழங்கிய ஊதுகுழலையும், பசிபிக் பெயரையும், வங்கக் கடலின் தீவு ஒன்றையும் இணைத்து உருவாக்கப்பட்ட மனிதன் டோங்கா.

மனித இறைச்சி உண்போர் என்ற குற்றச்சாட்டுக்கு மறுப்பு அப்போது இல்லாமல் இல்லை. எட்வர்ட் ஹொரேஸ் மேன் 1869 முதல் அந்தமானில் அதிகாரியாகப் பணியாற்றியவர். தென் அந்தமான் மொழியை ஆழ்ந்து கற்றவர். தீவுமக்களைப் பற்றிய அவருடைய விரிவான ஆய்வு 1883இல் லண்டன் மானுடவியல் நிறுவனத்தின் இதழில் வெளிவந்தது. 1885இல் நூல்வடிவமும் பெற்றது. அம்மக்கள் மனித இறைச்சி உண்பதில்லை என்றும், அச்செயலை அவர்களே அருவருப்புடன் மறுக்கின்றனர் என்றும் அதில் அவர் திட்டவட்டமாக எழுதினார். நாவலின் கதை நிகழும் 1888ஆம் ஆண்டில், ஹோம்ஸ் வாழ்ந்த அதே நகரத்தில், அச்சில் கிடைத்த சான்று இது. பேக்கர் தெரு அலமாரியில் அதற்கு இடம் இல்லை.

அப்படியானால் இந்தப் பழி எங்கிருந்து வந்தது? அதன் தடம் மிக நீளமானது. 851இல் தொகுக்கப்பட்ட அரபு வணிகர் பயணக் குறிப்புகளில் அந்தமானியர் மனிதரை உண்போர் எனப்படுகின்றனர். பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் கடல்வழியே திரும்பிய மார்கோ போலோவின் நூல், அவர்களுக்கு நாய்த்தலை இருப்பதாகவும் சேர்த்துக்கொள்கிறது. அவர் அத்தீவில் இறங்கியதற்குச் சான்றில்லை. கரையில் இறங்கிய மாலுமிகள் தாக்கப்பட்டனர், சிலர் திரும்பவில்லை என்பது கப்பல்களில் வழங்கிய செய்தி. திரும்பாதவர் உண்ணப்பட்டனர் என்பது அதிலிருந்து பிறந்த ஊகம். ஒரு நூலிலிருந்து மறுநூலுக்குச் சென்ற ஊகம் ஆயிரம் ஆண்டுகளில் செய்தியாகிவிட்டது. நூல்கள் பல இருந்தன. நேரில் கண்ட சாட்சி ஒருவர்கூட இல்லை.

ஊகத்துக்கு வலுவூட்டும் தடயங்களும் தீவில் இருந்தன என்பதை மறைக்க வேண்டியதில்லை. இறந்த உறவினரைப் புதைத்துச் சில மாதங்களுக்குப் பின் எலும்புகளைத் தோண்டி எடுத்துத் தூய்மை செய்து, மண்டையோட்டுக்கும் தாடையெலும்புக்கும் செங்காவி பூசிக் கயிற்றில் கோத்து உடலில் அணிவது அந்தமானியர் வழக்கம். கணவனின் மண்டையோட்டைச் சுமந்த கைம்பெண்ணின் படங்கள் ஐரோப்பாவில் பரவின. 1906 முதல் 1908 வரை அங்கே களஆய்வு செய்த ராட்கிளிஃப் பிரவுன் வேறொரு வழக்கத்தையும் பதிவுசெய்தார். கொல்லப்பட்ட அயலானின் உடலைத் துண்டித்து எரித்துவிடுவார்கள். அவனது ஆவியால் வரும் ஆபத்து அதனால் நீங்கும் என்பது நம்பிக்கை. தொலைவில் நின்ற கப்பலிலிருந்து நெருப்பையும் உடலையும் கண்டவர் வேறு பொருள் கொண்டிருக்கலாம் என்று அவர் கருதினார். எலும்பு மாலை ஒரு தடயம்தான். அது பசியைக் குறிக்கிறதா துக்கத்தைக் குறிக்கிறதா என்பதை அணிந்தவரிடம்தான் கேட்டறிய முடியும். கேட்பதற்கு அவருடைய மொழி தெரிய வேண்டும்.

உண்மையான துப்பறியும் பணி மொழித் துறையில்தான் நடந்தது. அந்தமானுக்கு 1789இல் ஆர்ச்சிபால்ட் பிளேர் வந்து அமைத்த முதல் குடியேற்றம் 1796இல் கைவிடப்பட்டது. அக்காலத்தில் கோல்புரூக் என்ற நில அளவை அதிகாரி தீவுவாசி ஒருவரிடமிருந்து ஒரு சிறிய சொற்பட்டியலைத் திரட்டினார். நூறு ஆண்டுகளுக்குப் பிறகு எம். வி. போர்ட்மன் அதை ஆராய்ந்தபோது, அச்சொற்கள் துறைமுகத்தைச் சுற்றி வாழ்ந்த மக்களின் மொழிக்குரியவை அல்ல, ஜாரவா மொழியைச் சேர்ந்தவை என்று கண்டறிந்தார். யாரிடம் கேட்கப்பட்டது என்பதே தெரியாமல் ஒரு நூற்றாண்டு கழிந்திருந்தது. அதே பட்டியல் வழியாக 'மின்கோபி' என்ற சொல் ஐரோப்பிய நூல்களில் அந்தமானியரின் இனப்பெயராக நிலைபெற்றது. 'நான் ஓங்கே' என்ற பொருள்தரும் ஒரு தொடரே அவ்வாறு கேட்கப்பட்டது என்று பின்னாளில் கருதப்பட்டது. ஒருவர் தம்மை இன்னார் என்று அறிமுகம் செய்துகொள்கிறார். கேட்டவர் அந்த வாக்கியத்தை ஓர் இனத்தின் பெயராக எழுதிக்கொள்கிறார்.

பெரிய அந்தமானிய மொழிகளின் அமைப்பு மற்றொரு செய்தியைத் தருகிறது. அம்மொழிகளின் இலக்கணத்தில் உடலுறுப்புகளைக் குறிக்கும் முன்னொட்டுகள் அடிப்படையானவை. வாயோடு தொடர்புடைய முன்னொட்டு 'அகா'. வாயின் செயலான பேச்சையும் அது தழுவும். அகா-பியா, அகா-போ, அகா-ஜெரு என்னும் பெயர்களின் தொடக்கத்தில் இருப்பது அதுவே. இம்மக்கள் தம் வாயை மொழிக்கு அடையாளமாக வைத்துப் பெயர் வழங்கினர். உலகம் அதே வாயை வேறு ஒன்றுக்கு அடையாளமாக்கியது.

நாவலின் உறவுகளையும் வரலாற்றோடு ஒப்பிட வேண்டும். 1858 மார்ச்சில் 200 கைதிகளுடன் தண்டனைக் குடியேற்றம் தொடங்கியது. அடுத்த மாதமே தப்பியோடியவர்களுள் ஒருவர் தூத்நாத் திவாரி என்ற முன்னாள் சிப்பாய். அம்புபட்டுக் காயமடைந்த அவரைத் தீவுமக்கள் பின்னர் ஏற்றுக்கொண்டனர், மணமும் செய்துவைத்தனர். ஓராண்டுக்கு மேல் அவர்களோடு வாழ்ந்த அவர், 1859 மே மாதம் குடியேற்றத்தைத் தாக்க அவர்கள் திரண்டபோது ஓடிவந்து ஆங்கிலேயரிடம் செய்தியைச் சொன்னார். அபர்தீன் போர் என அறியப்படும் மோதலில் தீவுமக்கள் தோற்றனர். திவாரிக்கு மன்னிப்புக் கிடைத்தது. நாவலில் தீவுவாசி தன்னைக் காத்த கைதிக்காக உயிரையே கொடுக்கிறான். வரலாற்றில் தீவுமக்கள் காத்த கைதி அவர்களைக் காட்டிக்கொடுத்தார்.

இன்னொரு முரணும் உண்டு. டோங்கா கைதி தப்பிக்க உதவுகிறான். ஆனால், பிற்காலக் குடியேற்ற நிர்வாகம் தப்பியோடிய கைதிகளைக் காட்டில் தேடிப் பிடிப்பதற்கு அந்தமானியரையே பயன்படுத்தியது. பிடித்துத் தந்தவர்களுக்கு வெகுமதியும் அளித்தது. மிதிபட்ட இலையையும் ஈரமண்ணின் சுவட்டையும் படிக்கத் தெரிந்தவர்கள் அவர்கள். ஹோம்ஸுக்குப் பெருமை சேர்த்த தடம் காணும் கலை அந்தத் தீவில் யாரிடம் இருந்தது என்பதை நாவல் அறியவில்லை.

ஹோம்ஸ் அகராதியைப் புரட்டிய காலத்தில் அம்மக்கள் அழிந்துகொண்டிருந்தனர். 1863இல் தொடங்கிய 'அந்தமான் இல்லங்கள்' வழியாக நெருக்கமான தொடர்பு ஏற்பட்டது. மேகநோய் பரவியது. 1877இல் தட்டம்மை பெருஞ்சாவை விளைவித்தது. பத்துக் குழுக்களாக வாழ்ந்த பெரிய அந்தமானியர் 1901 கணக்கெடுப்பில் 625 பேர். 1961இல் 19 பேர். கொல்லும் இனம் என்று லண்டனில் வாசிக்கப்பட்டவர்கள், வெளியார் கொண்டுவந்த நோயால் இறந்துகொண்டிருந்தவர்கள்.

கோனன் டாயில் தம் நாவலுக்குள்ளேயே ஒரு தடயத்தை விட்டுச்சென்றிருக்கிறார். பிடிபட்டபின் ஸ்மால் கூறும் வாக்குமூலத்தில், பிழைப்புக்காக டோங்காவைச் சந்தைகளில் நரமாமிசம் தின்னும் கறுப்பன் என்று காட்சிப்படுத்தியதாகவும், அவன் பச்சை இறைச்சி தின்று போர்நடனம் ஆட, தொப்பி நிறையக் காசு சேர்ந்ததாகவும் சொல்கிறான். நரமாமிசம் என்பது காசுக்கு ஆடிய வேடம் என்று கதையே ஒப்புக்கொள்கிறது. ஹோம்ஸ் அதைக் கேட்டுக்கொண்டு அமர்ந்திருக்கிறார். அகராதியை மீண்டும் திறக்கவில்லை. டோங்காவிடம் கேட்கவும் வழியில்லை. தேம்ஸ் ஆற்றில் நடந்த துரத்தலில் அவன் சுடப்பட்டு நீரில் மறைந்துவிட்டான். வாசகருக்கு விளங்கும் ஒரு சொல்லைக்கூட நாவல் முழுவதிலும் அவன் பேசுவதில்லை.

தமிழில் உளவின் இலக்கணம் பழமையானது. திருக்குறளின் 'ஒற்றாடல்' அதிகாரம், ஓர் ஒற்றன் கொண்டுவந்த செய்தியை மற்றோர் ஒற்றனைக் கொண்டு சரிபார்த்த பின்பே ஏற்க வேண்டும் என்கிறது. ஒருவரை ஒருவர் அறியாத மூவரின் சொல் ஒத்திருந்தால்தான் அது தெளிவு. ஒருவரையொருவர் படித்து எழுதிய மூன்று நூல்கள் அந்த மூவருக்கு ஈடாகா. அந்தமான் பற்றிய ஆயிரமாண்டுச் செய்திகளுக்கு இந்த அளவுகோல் பொருந்துவது போலவே, தமிழ்ச் சான்றுகளுக்கும் பொருந்தும். சோழர் மெய்க்கீர்த்தியில் வரும் 'நக்கவாரம்' என்ற பெயரை ஆடையற்றோர் நாடு என்று விளக்கிவிட்டு அமைதிகொள்ளும் போக்கு நம்மிடம் உண்டு. அது கடந்து சென்றவர் வைத்த பெயருக்கான விளக்கம். கார் நிக்கோபார் மக்கள் தம் தீவைப் 'பூ' என்றே அழைக்கின்றனர். வடக்கு சென்டினல் தீவு செய்தியில் அடிபடும்போதெல்லாம் இணையத்தில் தலைகாட்டும் பழைய வசைச்சொல்லுக்கும் மூலம் கேட்க வேண்டிய கடமை இருக்கிறது.

சாட்சிகளை நேரில் விசாரித்த பணியும் நடந்தது, மிகத் தாமதமாக. மொழியியலாளர் அன்விதா அப்பி 2005 முதல் எஞ்சியிருந்த பெரிய அந்தமானியரோடு அமர்ந்து அவர்கள் மொழியைப் பதிவுசெய்தார். அகராதியும் இலக்கணமும் அதிலிருந்து உருவாயின. அவருக்குச் சொற்களும் கதைகளும் பாடல்களும் தந்தவர்களுள் ஒருவர் போவா சீனியர். அகா-போ மொழியின் கடைசிப் பேச்சாளர். அம்மொழியில் மறுமொழி சொல்ல ஆளில்லாததால் அவர் பறவைகளோடு பேசிக்கொண்டிருப்பார் என்று அப்பி எழுதியிருக்கிறார். 2010 ஜனவரி 26 அன்று, ஏறத்தாழ 85 வயதில் போவா இறந்தார். அவருடைய குரல் ஒலிப்பதிவில் இருக்கிறது.