பாயான் லெப்பாஸும் லிஸ்ப் மொழியும்

லிஸ்ப் நிரல்மொழியை உருவாக்கியவர் யார் என்று கேட்டால், ஜான் மெக்கார்த்தி, எம்.ஐ.டி., 1958 என்று எழுதிவிடுவீர்கள். ஒரு மதிப்பெண் கிடைக்கும். அந்த மொழிக்கும் நம்ம பினாங்குக்கும் என்ன தொடர்புன்னு யாரும் கேட்பதில்லை. கொஞ்சம் பார்ப்போமா?

லிஸ்பில் நிரலுக்கும் தரவுக்கும் ஒரே வடிவம்தான்: அடைப்புக்குறிக்குள் ஒரு பட்டியல். ஆகவே ஒரு நிரல் இன்னொரு நிரலை எளிதாக எழுதும். செயற்கை நுண்ணறிவு ஆய்வாளர்களுக்கு இது மிகவும் பிடித்துப்போனது. சாதாரணக் கணினியில் அது மெதுவாக ஓடியதால், லிஸ்புக்கென்றே தனிக் கணினி செய்தார்கள். 1980இல் தோன்றிய சிம்பாலிக்ஸ் அப்படிப்பட்ட நிறுவனம். உலகின் முதல் டாட் காம் முகவரியும் (1985) அதனுடையதே! ஆனால் கணினியின் விலை பல்லாயிரம் டாலர்.

இதற்குள் இங்கே வேறொரு கதை நடந்துகொண்டிருந்தது. 1972இல் இன்டெல் தன் முதல் வெளிநாட்டுத் தொழிற்சாலையைப் பினாங்கில் திறந்தது. பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளுக்குக் கம்பங்களிலிருந்து பஸ் ஏறி வந்த இளம்பெண்கள், நாள் முழுக்க நுண்ணோக்கியில் கண் வைத்து, சில்லுகளில் முடி போன்ற கம்பிகளை இணைத்தார்கள். உங்கள் பாட்டியோ அத்தையோ அவர்களில் ஒருவராக இருக்கலாம், கேட்டுப் பாருங்க.

பொதுச் சில்லுகளின் வேகம் கூடியது, விலை குறைந்தது. 1987 வாக்கில் லிஸ்ப் கணினிச் சந்தை சரிந்தது; 1993இல் சிம்பாலிக்ஸ் திவாலானது. அந்தச் சரிவில் பினாங்குப் பெண்களின் கைக்கும் பங்குண்டு என்பேன். பாடநூல் இதைச் சொல்லாது.

மொழி மட்டும் சாகவில்லை. 1985இல் வந்த குனு ஈமாக்ஸின் பெரும்பகுதி லிஸ்ப்தான். அதில் தமிழ் தட்டச்சு செய்யும் முறையும் லிஸ்பில் எழுதியதே. 2007இல் குளோஜர் என்ற வாரிசும் வந்தது. லிஸ்ப் தெரிந்தவரைத் தேடும் நிறுவனங்கள் இன்று குறைவு. ஆனாலும் நீங்கள் படிக்கும் பைத்தான், பயன்படாத நினைவகத்தைத் தானே மீட்டுக்கொள்கிறதே, அந்த உத்தி முதலில் பிறந்தது லிஸ்பில்தான்.